தாளில் முழு மதிப்பெண், சொந்தமாக எழுதினால் ஆங்கில டென்ஸ் தப்பு

ஒரே டென்ஸுக்கு இன்னும் பயிற்சித்தாள் கொடுப்பதை நிறுத்திவிட்டு, மூன்று டென்ஸைக் கலந்து கொடுங்கள்.

கோடிட்ட இடங்களைத் தப்பில்லாமல் நிரப்பும் எட்டாம் வகுப்புப் பெண், நேற்று நடந்ததைச் சொந்தமாக எழுதும்போது 'வென்ட்' வரவேண்டிய இடத்தில் 'கோ' போடுகிறாள் என்றால், காரணம் பெரும்பாலும் தாளின் தலைப்புதான். மேலே 'சிம்பிள் பாஸ்ட்' என்று இருந்தால் அவள் யோசிக்கவே வேண்டாம், வினைச்சொல்லை மாற்றினால் முடிந்தது. கட்டுரையிலோ எந்த டென்ஸ் என்று முடிவெடுப்பதுதான் வேலையே. அதை அவள் பழகவில்லை.

சோதித்துப் பாருங்கள்:

1. அவள் ஏற்கெனவே சரியாகச் செய்த தாள்களிலிருந்து பத்து வாக்கியங்களை எடுத்துத் தலைப்பில்லாமல் கலந்து கொடுங்கள். மதிப்பெண் சரிந்தால் காரணம் இதுதான்.

2. சரியவில்லையா? அப்படியானால் விதி தெரியும், எழுதும் வேகத்தில் கவனம் போகிறது. முடித்தபின் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "இது எப்போது நடந்தது?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். அது ரொம்பக் கஷ்டம், தெரியும்.

தினமும் பத்து நிமிடம் போதும். வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட இது நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: கலந்து கொடுத்தால் முதலில் மதிப்பெண் இறங்கும். இந்த வயதில் அதற்கே மனம் விட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'ஷி கோஸ்' என்பதை 'ஷி கோ' என்று சொல்வது மாதிரி கடைசி 'ஸ்' விடுபடுவதைப் பேச்சில் இப்போதைக்குத் திருத்த வேண்டாம். விதி தெரிந்த பிறகும் அந்த 'ஸ்' பேச்சில் வர நாளாகும்.