பூங்காவில் பிறந்தநாள்: ஆணிக்கும் கயிற்றுக்கும் கூடாரத்துக்கும் ஏன் தடை?

கேள்வி: மகளின் ஐந்தாவது பிறந்தநாளைப் பக்கத்தில் உள்ள பொதுப் பூங்காவில் கொண்டாட நினைக்கிறோம். முப்பது பேர் வருவார்கள். இடம் பார்க்கப் போனபோது மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, புல்தரையில் கூடாரம் போடக் கூடாது, கரி அடுப்பு கூடாது என்று காவலாளி அடுக்கிக்கொண்டே போனார். பொது இடம்தானே? மற்றவர்களும் இதையெல்லாம் செய்கிறார்கள். ஒரு நாள் கொண்டாட்டத்தால் பூங்காவுக்கு அப்படி என்ன ஆகிவிடும்? எதற்கு உண்மையிலேயே அனுமதி வாங்க வேண்டும்?

பதில்:

தாராளமாகப் பூங்காவில் கொண்டாடுங்கள். குழந்தைகள் ஓடவும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசவும்தான் பூங்காவே. ஆனால் காவலாளி சொன்ன நான்கில் ஒன்றுகூட வீண் கெடுபிடி இல்லை. காரணம் சொல்லாமல் 'கூடாது' என்று மட்டும் சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். அறிவிப்புப் பலகையிலும் காரணம் எழுதியிருக்காது. பல வருடம் பூங்காப் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் அந்தக் காரணங்களைச் சொல்கிறேன். அவை புரிந்துவிட்டால், பலகையில் இல்லாத விஷயத்திலும் எது சரி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கூடாரத்தில் தொடங்குகிறேன். பூங்காவில் நடக்கும் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது மண்ணுக்குள் நடக்கிறது. நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி வெறும் இடைவெளிதான். அதில் காற்றும் நீரும் இருக்கும். வேருக்கு மூச்சு அந்தக் காற்றுதான். மரத்தின் வேரெல்லாம் பாதாளத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடி ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கவாட்டில் கிளைகள் விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டிப் போகிறது. நாம் நிழலுக்கு ஒதுங்கும் இடம்தான் மரம் சாப்பிடும் இடம்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே ஒன்றைச் செய்து காட்டுவேன். செடிப் பாத்திக்குள் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்துவேன். கைப்பிடி வரை வழுக்கிக்கொண்டு இறங்கும். அப்புறம் இரண்டு எட்டு தள்ளி, எல்லோரும் நின்று பேசுகிற மரத்தடியில் குத்துவேன். விரலின் ஒரு கணு அளவு போனதும் கல்லில் முட்டியதுபோல் நின்றுவிடும். ஒரு குவளைத் தண்ணீரை இரண்டு இடத்திலும் ஊற்றினால் பாத்தியில் உடனே மறைந்துவிடும்; மரத்தடியில் மேலேயே தேங்கி நிற்கும். ஒரே மண்தான், காலடி பட்டுப் பட்டுக் கெட்டியாகிவிட்டது. அதன் அடியில் இருக்கும் வேருக்குக் காற்றும் போகாது, நீரும் போகாது. மரம் உடனே சாகாது. சில வருடங்கள் கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும். அப்போது வந்து பார்ப்பவர்கள் ஏதோ நோய் என்பார்கள்.

ஒரு நாளில் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். மண் எப்போதும் மெல்ல மெல்லத்தான் கெட்டிப்படும் என்றில்லை. கனமான வண்டி ஒன்று புல்தரையில் ஏறினால், பாதிப்பில் பெரும்பகுதி அதன் முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடுகிறது. மண் ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். மீண்டும் இளகப் பல வருடம் ஆகும். அதனால்தான் கூடாரச் சாமான் ஏற்றிய வண்டி உள்ளே வரக் கூடாது என்கிறார்கள். முளை அடித்தால் அடியில் போகும் நீர்க்குழாயும் மின்கம்பியும் கிழியும் என்பது இன்னொரு காரணம். மழை பெய்த மறுநாள் புல்தரையைச் சில பூங்காக்களில் மூடிவைப்பதும் இதனால்தான்.

மிதிபடுவதெல்லாம் ஒரு சேதமா என்று இன்னும் தோன்றினால், ஹைப்பீரியன் மரத்தின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் ரெட்வுட் தேசியப் பூங்காவில் 2006இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த மரம், உயிரோடு இருக்கும் மரங்களில் உலகிலேயே மிக உயரமானது. சுமார் 116 மீட்டர். அதற்குப் பாதையே கிடையாது. ஆனாலும் ஆர்வத்தில் ஆட்கள் தேடித் தேடிப் போனார்கள். யாரும் அதை வெட்டவில்லை. சுற்றி நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். அடியிலிருந்த செடிகொடிகள் எல்லாம் மிதிபட்டு அழிந்து, மரத்தின் அடிப்பகுதியும் சேதமானது. கடைசியில் 2022இல் அந்த இடத்தையே மூடி, மீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம் என்று அறிவித்தார்கள்.

அடுத்தது ஆணியும் கயிறும். மரத்தின் உயிர் அதன் நடுவில் இல்லை, பட்டைக்கு ஒட்டிய மெல்லிய அடுக்கில் இருக்கிறது. இலையில் தயாராகும் சர்க்கரை அந்த வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஆணி அடித்தாலும் கத்தியால் பெயரைச் செதுக்கினாலும் முதலில் கிழிவது அதுதான். நம் தோல்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. அழுகல் பரவாமல் உள்ளே சுவர் எழுப்பி, காயத்தை அப்படியே மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னது இது. ஆக, நீங்கள் ஆணியைப் பிடுங்கினாலும் காயம் மரத்தின் ஆயுள் முழுக்க உள்ளே இருக்கும். பிடுங்காவிட்டால் மரம் அதை விழுங்கிவிடும். மரம் உயர்ந்தாலும் ஆணி மேலே போகாது, அடித்த உயரத்திலேயே இருக்கும். பின்னொரு நாள் ரம்பத்தோடு வருபவரின் கைக்கு நேராக.

கயிறு விஷயத்தில் நான் அவ்வளவு கறார் இல்லை. பருத்த அடிமரத்தில் அகலமான துணிப்பட்டையைச் சுற்றி, நான்கு மணி நேரத்தில் அவிழ்த்துவிட்டால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து, அவிழ்க்காமல் விட்டுப்போகும் கயிறு. ஒரு முறை இளமரம் ஒன்றில் பச்சை நைலான் கயிறு பட்டைக்குள் புதைந்து கிடந்ததைப் பார்த்தேன். ஏதோ ஒரு விழாவுக்குக் கட்டியது. முடிச்சு மட்டும் வெளியே தெரிந்தது. கயிற்றுக்கு மேலே தண்டு வீங்கியிருந்தது, கீழே ஒல்லியாக இருந்தது. மேலிருந்து வந்த சர்க்கரை இறங்க வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. வெட்டி எடுக்க முயன்றோம், பிழைக்கவில்லை. யார் அவிழ்ப்பார், யார் மாட்டார் என்று காவலாளிக்குத் தெரியாதே. அதனால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது. தோரணத்துக்குத் தானாக நிற்கும் இரண்டு கம்பங்களைக் கொண்டு வாருங்கள், பிரச்சினையே இல்லை.

கரி அடுப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அணைந்ததாகத் தோன்றும் கரி சாம்பலுக்கடியில் ஒரு நாளுக்கும் மேல் கனன்றுகொண்டிருக்கும். மரத்தடியில் கொட்டினால் வேர் வேகும், குழந்தையின் வெறுங்கால் பட்டாலும் அதே கதி. பூங்காவில் அதற்கென்று இடம் ஒதுக்கியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். மினுங்கும் பிளாஸ்டிக் துகள்களைத் தூவாதீர்கள். புல்லுக்குள் போனதை யாராலும் பொறுக்க முடியாது. பலூனைப் பறக்கவிடாதீர்கள், எங்கேயோ போய் விழுந்து பறவையின் வயிற்றுக்குள் போகும்.

சரி, அனுமதி. பெரும்பாலான பூங்காக்களில் சும்மா வந்து உட்கார்ந்து போகும் சிறு குடும்பத்துக்கு எதுவும் தேவையில்லை. ஆள் எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினாலோ, கூடாரம், காற்றடைத்த விளையாட்டுச் சாதனம், ஒலிபெருக்கி, ட்ரோன், கட்டணம் வாங்கும் புகைப்படக்காரர் இவற்றில் ஒன்று வந்தாலோ எழுத்து அனுமதி கேட்பார்கள். முப்பது பேர் என்பது எல்லைக்கோட்டில் இருக்கும் எண்ணிக்கை; நிர்வாக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தேதி, நேரம், ஆட்கள், கொண்டுவரும் சாமான் இவ்வளவும் ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். எங்கே கூடலாம் என்பதை அவர்களையே காட்டச் சொல்லுங்கள். தளம் போட்ட இடம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். வைப்புத்தொகை வாங்கினால் இடத்தை முன்பும் பின்பும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காவலாளியின் வாய்வார்த்தையை நம்பி ஏற்பாடு செய்யாதீர்கள். அன்று வேறு காவலாளி இருப்பார்.

மற்றவர்களும் செய்கிறார்களே என்பது எனக்கு மிக முக்கியமான கேள்வி. அரிசோனாவின் கல்மரத் தேசியப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு ஒரு சோதனை செய்தது. கல்மரம் என்பது காலப்போக்கில் கல்லாகவே மாறிப்போன பழங்கால மரம். அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளைப் பாதையோரம் போட்டு, 'பலர் எடுத்துப் போனதால் இந்த இடம் மாறிவிட்டது' என்று ஒரு பலகை வைத்தார்கள். ஏறக்குறைய 8 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் இருந்த பலகைக்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. பிறர் செய்கிறார்கள் என்ற எண்ணமே கையை நீளவைக்கிறது. மரத்தில் நீங்கள் பார்த்த பழைய ஆணி உங்களுக்கு என்ன சொன்னதோ, அதையே உங்கள் ஆணி அடுத்தவருக்குச் சொல்லும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் குழந்தைகள் தொங்கிக் கிளை முறிந்துவிட்டால் பயந்துபோய் ஓடிவிடாதீர்கள். முறிந்த இடத்தில் மண்ணோ சாயமோ பூசாதீர்கள், அது மரத்துக்கு உதவாது. தொங்கும் பட்டையை இழுத்துக் கிழிக்கவும் வேண்டாம். அன்றைக்கே தோட்டக்காரரிடம் சொல்லுங்கள். சரியான இடத்தில் ஒரு சுத்தமான வெட்டு வெட்டிவிடுவார். அழுகல் தொடங்கும் முன்பே அந்த மரத்தால் காயத்தை மூடிக்கொள்ள முடியும்.