கீழே விழாத சைக்கிளில் டீரெயிலர் ஹேங்கர் எப்படி வளையும்?

"சைக்கிள் ஒருமுறைகூட விழவில்லை. ஆனால் ஹேங்கர் வளைந்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நம்பலாம். கியர் மாற்றும்போது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவிதான் டீரெயிலர்; அதைத் தாங்கும் துண்டு ஹேங்கர். எனக்கும் இதேதான் நடந்தது.

சென்னையிலிருந்து சேலத்துக்கு ஆம்னி பஸ்ஸில் சைக்கிளை ஏற்றியிருந்தேன். டிக்கியில் செயின் பக்கம் அடியில் இருக்கும்படி படுக்க வைத்து, மேலே இரண்டு மூட்டையையும் போட்டுவிட்டார்கள். இறக்கியபோது ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் காலை ஏற்காடு. சமதரையில் போட்ட கியரெல்லாம் ஒழுங்காக விழுந்தது. எட்டாவது கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கவே, கடைசிப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன். 'கடகட'வென்று ஒரு சத்தம். டீரெயிலர் ஸ்போக்குகளுக்குள் புகுந்து சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. ஹேங்கர் இரண்டு துண்டு, மூன்று ஸ்போக்கும் போயின.

ஹேங்கர் என்பது பின்சக்கர அச்சுக்கு வலப்பக்கம் ஃபிரேமில் திருகியிருக்கும் சின்ன அலுமினியத் துண்டு. டீரெயிலர் முழுக்க அதில்தான் தொங்குகிறது. அடிபட்டால் ஃபிரேமுக்குப் பதில் இது வளையட்டும் என்றே வலுக்குறைவாகச் செய்கிறார்கள். 10 ஸ்பீடு கேசட்டில் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்த பல்சக்கரத்துக்கு சுமார் 4 மி.மீ.தான். ஹேங்கர் கொஞ்சம் உள்ளே சாய்ந்தாலே டீரெயிலரின் அடிமுனை அதைவிட அதிகமாக விலகிவிடும். லிமிட் ஸ்க்ரூ இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அந்தத் திருகு டீரெயிலர் தன் எல்லையைத் தாண்டி அசையாமல் மட்டும்தான் தடுக்கும், டீரெயிலரோடு சேர்ந்து ஹேங்கரே சாய்ந்திருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அபார்ட்மென்ட் ஸ்டாண்டில் பக்கத்து சைக்கிள் சாய்ந்தாலும் இதே கதிதான். செயினில் குச்சி மாட்டினால் டீரெயிலரைப் பின்னால் இழுத்து ஹேங்கரை முறுக்கிவிடும்.

சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். டீரெயிலரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர் கீழே, தூக்குக்குண்டு விட்டதுபோல் இருக்க வேண்டும். கடையில் இதற்கென்றே ஒரு கேஜ் (அளவு பார்க்கும் கருவி) உண்டு. அதை ஹேங்கரின் துளையில் திருகி, ரிம்மைச் சுற்றி நாலு இடத்தில் இடைவெளி பார்ப்பார்கள். பழைய ஸ்டீல் ஃபிரேமில் ஹேங்கர் ஃபிரேமோடு சேர்ந்தே இருக்கும், நிமிர்த்தலாம். அலுமினியத்தை லேசாக ஒருமுறை நிமிர்த்தலாம், திரும்பத் திரும்ப வளைத்தால் விரிசல் விடும். மாற்றிவிடுவதே நல்லது. ஆனால் மாடலுக்கு மாடல் வடிவம் வேறு, பழையதைக் கழற்றிக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். ஒன்று கூடுதலாகவே வாங்கி சீட்டுக்கு அடியில் மாட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் 5 மி.மீ. ஆலன் கீயால் டீரெயிலரைக் கழற்றி, துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிடுகிறேன். படுக்க வைத்தே ஆகவேண்டும் என்றால் இடப்பக்கம்தான் அடியில்.