ஜி.டி.யில் எழுதும் நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காவல் நிலையத்தில் பதிவேடுகள் எழுதும் ரைட்டராக இருக்கிறேன். வீட்டு நகை திருட்டில் சந்தேகத்தின் பேரில் ஒருவரை மாலை 6 மணிக்குக் கூட்டி வந்தார்கள். மறுநாள் காலை 9 மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாக ஜி.டி.யில் (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில்) எழுதச் சொல்கிறார் இன்ஸ்பெக்டர். "ஒரு ராத்திரி கிடைச்சா நகை வந்துடும். பறிகொடுத்தவங்க பாவம் இல்லையா?" என்கிறார். அதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. இப்படி மறுபடி கேட்டால் என்ன செய்வது?

ஒரு முதல்நிலைக் காவலர்

அன்புள்ள நண்பருக்கு,

பறிகொடுத்தவரின் துயரம் உண்மைதான். ஆனால் அந்த ராத்திரி எதற்குக் கேட்கப்படுகிறது என்பது உங்களுக்கும் தெரியும். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இது. புதிய சட்டத்தில் 23ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. அடி உள்ளே வருவது இந்த வாசல் வழியாகத்தான். நகை வந்துவிட்டால் எப்படி வந்தது என்று ஸ்டேஷனில் யாரும் கேட்பதில்லை. வலி தாங்காதவர் சம்பந்தமே இல்லாத நகைக்கடையைக் கைகாட்டுவதும் இதனால்தான். உண்மையான திருடன் அப்போதும் வெளியே இருப்பான்.

கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த அரசியலமைப்பின் 22(2) தரும் 24 மணி நேரம், அந்த ஆளை நகரவிடாமல் நிறுத்திய நிமிடத்தில் தொடங்குகிறது. கோர்ட்டுக்குப் போகும் பயண நேரம் மட்டும் கழியும். நீங்கள் எழுதாமல் விடும் 15 மணி நேரம் அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத மனிதர். அதற்குள் அவருக்கு ஏதாவது ஆனால், பொய் நேரத்துக்குக் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. சட்டவிரோதமான உத்தரவுக்குப் பணிந்தேன் என்பது தற்காப்பு ஆகாது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஸ்டேஷனில் தாக்கப்பட்ட தந்தை, மகன் ஜெயராஜ், பென்னிக்ஸ் இறந்த பிறகு விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமரா பதிவுகள் தினமும் தானே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அங்கே தான் பார்த்ததை அவரிடம் சொன்னவர் தலைமைக் காவலர் ரேவதி. அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி நடைமுறை. ஆள் உள்ளே வந்ததும் உண்மையான நேரத்தை எழுதுங்கள். இடைவரி விடாதீர்கள், பிறகு நுழைக்கப் பயன்படுவது அந்த இடைவெளிதான். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தார் அல்லது அந்தப் பகுதிக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். வீட்டுக்குச் சொன்ன நேரத்தையும் சொன்னவர் பெயரையும் பதியுங்கள். தாமதமில்லாமல் அரசு மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய காயம் எது, புதியது எது என்று பின்னால் பேசப்போவது அந்தச் சீட்டுதான்.

இன்ஸ்பெக்டரிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்றால் வழக்கைப் பேசுங்கள். "ஐயா, அவர் செல் நம்பர் நேற்றிரவு நம்ம டவரில் இருக்கும், கேமராவிலும் இருக்கும், கோர்ட்டில் கேஸே உடைஞ்சிடும்" என்று சொல்லலாம். கேமரா பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. நகையை மீட்க நேரம் வேண்டுமென்றால், ரிமாண்டுக்குப் பிறகு போலீஸ் காவல் கேட்டு மனு போடலாம். சட்டம் 15 நாள் வரை தருகிறது. மறைத்துக் கேட்கும் ஒரு ராத்திரியைவிட இது எவ்வளவு அதிகம்!

மாற்றல் வரலாம், 3(பி) எனும் துறை ஒழுங்கு நடவடிக்கை கூட வரலாம். மெமோ வந்தால் பதிலில் ஜி.டி. பக்க எண்ணைக் குறிப்பிட்டு, அன்றைய கேமரா பதிவைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.