வேர் சிகிச்சை செய்த பல்லில் மறுபடி சீழ்: காப்பாற்றலாமா, எடுத்துவிடலாமா?

கேள்வி: ஏழு வருடத்துக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டுக்கொண்டேன். மூன்று மாதமாக அந்தப் பல்லை ஒட்டி ஈறில் சின்னக் கொப்புளம் வருகிறது, உடைகிறது, திரும்ப வருகிறது. வலி இல்லை. ஒரு மருத்துவர் பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் மறுபடி வேர் சிகிச்சை செய்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கேப்பைக் கழற்றி உள்ளே பார்க்கும் வரை இரண்டு பேராலுமே உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இப்போதைக்கு எதற்கும் சம்மதம் சொல்லிவிடாதீர்கள்.

வலி இல்லையே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். வேர் நுனியில் சேரும் சீழ் கொப்புளம் வழியாக வடிந்துவிடுவதால்தான் வலிக்கவில்லை. அந்த வழி அடைபட்டால் வீங்கும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் சில நாள் அடங்கும், அவ்வளவுதான். கிருமி குடியிருப்பது ரத்த ஓட்டமே இல்லாத வேர்க்குழாய்க்குள். மாத்திரை அங்கே போய்ச் சேராது.

முதலில் பார்க்க வேண்டியது, வேரில் நெடுக்காக விரிசல் இருக்கிறதா என்பது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய அளவுகோல் கம்பியை விட்டுப் பல்லைச் சுற்றி அளப்பார்கள். எல்லாப் பக்கமும் 2, 3 மி.மீ. காட்டிவிட்டு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று 8, 9 மி.மீ. ஆழத்துக்கு இறங்கினால் விரிசல் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் இந்த விரிசல் பெரும்பாலும் தெரியாது, பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனிலும் சில சமயம் தப்பிவிடும். கொப்புளத்தின் துளைக்குள் மெல்லிய கட்டா பெர்ச்சா (வேரை அடைக்கப் பயன்படும் ரப்பர் போன்ற பொருள்) குச்சியைச் செருகி எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. சீழ் எந்த வேரிலிருந்து வருகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். வேர் நெடுக்காகப் பிளந்திருப்பது உறுதியானால் அந்த வேரைக் காப்பாற்ற வழியில்லை. பெரும்பாலும் பல்லையே எடுக்க வேண்டிவரும். அந்த நிலையில் மறுசிகிச்சைக்குச் செலவழிப்பது வீண்.

விரிசல் இல்லையென்றால் அடுத்த கேள்வி, கேப்புக்கு அடியில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது. ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மி.மீ. உயரத்துக்காவது நல்ல பல் இருந்தால்தான் புதுக் கேப் பிடித்து நிற்கும். கேப்பின் ஓரத்தில் எச்சில் கசிந்து உள்ளே கறுப்பாக அரித்துப் போயிருந்தால், வேரை எவ்வளவு அழகாகச் சுத்தம் செய்தாலும் சில வருடத்தில் பல் ஈறோடு முறிந்துவிடும். என்னைக் கேட்டால், எக்ஸ்ரேயில் வேர் நுனியில் தெரியும் நிழலைவிட, அதாவது எலும்பு கரைந்த இடத்தைவிட, இந்த 2 மி.மீ.தான் பெரிய விஷயம். நிழல் ஆறக்கூடியது, போன பல் முளைக்காது.

இந்த இரண்டிலும் உங்கள் பல் தேறினால் மறுசிகிச்சை செய்து பார்ப்பதுதான் சரி என்பேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்று அல்லது நான்கு குழாய்கள் இருக்கும். நான்காவது முதல் தடவை கண்ணில் படாமல் விட்டுப்போவது சகஜம். அப்படி விட்டுப்போன குழாய்தான் காரணம் என்றால் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். மைக்ரோஸ்கோப் வைத்து, ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைப் பிரித்து வைக்கும் ரப்பர் விரிப்பு) போட்டுச் செய்பவரிடம் போங்கள். கொப்புளம் சில வாரத்தில் மறைய வேண்டும். எலும்பு நிரம்ப ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம், நான்கு வருடம் வரைகூட இழுக்கும். ஆறு மாத எக்ஸ்ரேயைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். வேருக்குள் உலோகக் கம்பி வைத்திருந்தால் அதை எடுக்கும்போது வேர் உடையும் அபாயம் உண்டு. அப்போது ஈறைத் திறந்து வேர் நுனியில் 3 மி.மீ. வெட்டி அடைக்கும் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம். அதுவும் பலிக்கவில்லையென்றால் பல்லை விட்டுவிடுங்கள். தொற்று நீடித்தால், நாளைக்கு இம்ப்ளான்ட் ஊன்ற வேண்டிய எலும்பைத்தான் அது தின்றுகொண்டிருக்கும்.

இம்ப்ளான்ட் நல்ல சிகிச்சைதான். சொத்தை ஆகாது, ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடலாம். புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவராக இருந்தால் பல்லை எடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் சிக்கல் சிலருக்கு வருகிறது.

நாற்காலியில் உட்காரும் முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘கேப்பைக் கழற்றிப் பார்க்கும்போது விரிசல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவீர்களா, அதுவரைக்கும் எவ்வளவு கட்டணம்?’ இதற்கு நேராகப் பதில் சொல்பவரிடம் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.