அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்களின் கூடைப்பந்துக்கு ஏன் தனி விதிகள் இருந்தன?

சுருக்கமான பதில்: ஓடினால் பெண்ணின் உடம்பு தாங்காது, முட்டி மோதினால் பெண்மை போய்விடும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

மாசசூசெட்ஸில் உள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் 1892-இல் இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டு நடந்த போட்டியைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். யாரும் தன் பகுதிக் கோட்டைத் தாண்டக் கூடாது. எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று வினாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கவும் கூடாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டுப்பாடுகள் இல்லாமல் அன்று பெண்களை ஆடவே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவை லேசில் போகவில்லை. ஐந்து பேர் முழுக் களத்திலும் ஓடி ஆடும் முறை பெண்கள் கல்லூரி ஆட்டத்துக்கு வந்தது 1971-இல்தான்!

1972-இல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் பாகுபாடு கூடாது என்றது. சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் துடுப்புப் படகுப் பயிற்சி முடிந்து, ஆண்கள் வெந்நீரில் குளித்துவிட்டு வரும்வரை பெண்கள் நனைந்த உடையோடு குளிரில் பேருந்தில் காத்திருந்தார்கள். படகுத்துறையில் பெண்களுக்குக் குளியலறையே இல்லை. 1976 மார்ச்சில் 19 வீராங்கனைகள் பல்கலைக்கழக விளையாட்டு அதிகாரியின் அறைக்குள் போய், மேலாடையைக் களைந்து, உடம்பில் எழுதியிருந்த அந்தச் சட்டத்தின் பெயரைக் காட்டினார்கள். செய்தி நியூயார்க் டைம்ஸில் வந்தது. பிறகு குளியலறை கட்டப்பட்டது.