கவிழ்ந்ததா, கவிழ்த்தார்களா?

கேள்வி: 1989 முதல் 1999 வரை பத்து ஆண்டில் ஐந்து மக்களவைத் தேர்தல்கள். ஆட்சி கவிழ்ந்துகொண்டே இருந்ததால் நாடு பின்தங்கியது என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். சரிதானா?

பதில்: ‘கவிழ்ந்து’ என்கிறீர்களே, அங்கேயே எனக்குத் தகராறு. கவிழ்ந்தது தன்வினை, கவிழ்த்தது பிறவினை. படகு கவிழ்ந்தது என்றால் காற்றின் மேல் பழி போடலாம். ஆட்சிக்குத் தன்வினை போட்டால், கவிழ்த்தவர் வாக்கியத்திலிருந்தே நழுவிவிடுகிறார்.

1990-இல் வி.பி. சிங்குக்கு முட்டுக் கொடுத்த பா.ஜ.க., ரத யாத்திரை போன அத்வானி பிஹாரின் சமஸ்திபூரில் கைதானதும் முட்டை உருவியது. சந்திரசேகர், தேவகவுடா, குஜ்ரால் மூவருக்கும் வெளியிலிருந்து ஆதரவு தந்ததும் காங்கிரஸ், பறித்ததும் காங்கிரஸ். ராஜீவ் வீட்டருகே ஹரியானா போலீஸார் இருவர் உளவு பார்த்தார்கள் என்பதுதான் சந்திரசேகர் விஷயத்தில் சொன்ன காரணம். 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையின் எண்ணிக்கைப் பலகையில் 269, 270 என்று வந்தது. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் ஒரே ஓட்டில் தோற்றார். அடுத்த மாதமே கார்கில். அந்தப் போரை நடத்தி முடித்தது காபந்து அரசுதான்.

இன்னொரு வினைச்சொல்லும் இருக்கிறது: கலைத்தார்கள். 1991 ஜனவரி 30 அன்று கருணாநிதி ஆட்சியைக் கலைத்தார்கள். சட்டமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இருந்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். மாநில ஆட்சியைக் கலைக்க வழி தரும் அரசியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவில் ஆளுநர் அறிக்கை என்பதை அடுத்து ‘அல்லது வேறு வகையில்’ என்றொரு வாசல் உண்டு. அதன் வழியாக நுழைந்து கலைத்தார்கள். பிஹாருக்கு மாற்றப்பட்ட பர்னாலா அங்கே போகாமல் பதவி விலகினார். கலைத்த சந்திரசேகர் சரியாக ஐந்தே வாரத்தில், மார்ச் 6 அன்று, தானும் ராஜினாமா செய்தார்.

இதை எழுதினால் “நீர் தி.மு.க.வா?” என்று கடிதம் வரும். 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்ததும் அநியாயம்தான் என்று அதே ஆட்களுக்கு எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. இதில் எனக்குக் கட்சி கிடையாது, கோபம்தான் உண்டு. அந்தக் கோபத்துக்கு மருந்து கிடைத்ததும் அதே பத்தாண்டில்தான். பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், ராஜ்பவனில் அல்ல என்று 1994 மார்ச்சில், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1999-இல் பிஹாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைத்த மத்திய அரசு, அதற்கு ஒப்புதல் வாங்க மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாததால் ஒரு மாதத்துக்குள் அவரையே மறுபடி உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

சரி, பின்தங்கியதா? 1991 ஜூலையில் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் வங்கிகளிடம் அடகு வைக்கும் நிலைமை. அதே மாதம் ரூபாய் மதிப்பை இரண்டு தவணையில் குறைத்து, பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தது நரசிம்ம ராவின் அரசு. அதற்கும் அன்று பெரும்பான்மை கிடையாது. ஐந்தரை ஆண்டு கழித்து, கம்யூனிஸ்ட் இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சராக இருந்த மந்திரிசபையில்தான் ப. சிதம்பரம் வருமான வரியின் உச்ச விகிதத்தை 40-லிருந்து 30 சதவீதமாக இறக்கினார். மந்திரிகள் மாறினார்கள், பாதை மாறவில்லை. பத்து மாதமே இருந்த தேவகவுடா, மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசுவின் துணையோடு பங்களாதேஷுடன் 30 ஆண்டுக்கான கங்கை நீர் ஒப்பந்தத்தை முடித்தார். மாநிலக் கட்சிகள் டெல்லியில் உட்கார்ந்ததால் நடந்தவை இந்தக் கடைசி இரண்டும்.

அப்புறம் காவிரி. நடுவர் மன்றம் வேண்டும் என்று தமிழ்நாடு 1986-இல் முறைப்படி கேட்டது. அப்போது ராஜீவ் காந்தியிடம் 400-க்கு மேல் எம்.பி.க்கள். அமைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 1990 ஜூன் 2 அன்று அமைத்தது, ஓராண்டுகூட நீடிக்காத வி.பி. சிங் அரசு. அடுத்த ஜூனில், கர்நாடகம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று அந்த மன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தது. மகளிடம் இந்தத் தேதிகளைக் காட்டுங்கள்.