பழைய கேரவனுக்கு ரோலரால் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறோம். காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் ஒன்றை, 1994ஆம் ஆண்டினுடையது, வாங்கியிருக்கிறோம். வெளிப்புறம் மங்கி, தொட்டால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. ரோலரால் அடித்தால் உரிந்துவிடும், ஸ்ப்ரேதான் நிற்கும் என்கிறார் வீடு தேடி வந்த ஒரு பெயின்டர். நாங்களே அடிக்கலாமா?

பதில்: தாராளமாக அடிக்கலாம். பெயின்ட் நிற்பதும் உரிவதும் அடியில் இருக்கும் பரப்பைப் பொறுத்தது. வந்தவரிடம் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். ஸ்ப்ரேக்குப் பயன்படும் இரண்டு பாகக் கலவை பெயின்ட் பலவற்றில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதன் நுண்துளி மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தெளிக்கவே கூடாது. அதை உங்கள் வாசலில் வைத்துத் தெளிக்க முன்வருபவர் யாராக இருந்தாலும் வேண்டாம்.

பெயின்ட் டின்னைத் திறப்பதற்கு முன் ஈரத்தைச் சோதியுங்கள். உங்கள் கேரவனின் சுவர், மரச் சட்டத்தின் மேல் ஒட்டிய மெல்லிய அலுமினியத் தகடு. கூரை ஓர இணைப்பிலும், கூடாரத் துணியை மாட்டும் அவ்னிங் ரெயிலின் திருகுகள் வழியாகவும் தண்ணீர் இறங்கினால் உள்ளே மரம் உளுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. ஈரம் அளக்கும் கருவியை உட்சுவரின் மூலைகளிலும் ஜன்னல்களுக்குக் கீழேயும் வைத்துப் பாருங்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் முதலில் கசிவை அடைக்க வேண்டும். காருக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி என்ற தகுதிச் சோதனை கேட்கும் அரசு, குடும்பமே படுத்துறங்கும் கேரவனுக்கு ஒன்றும் கேட்பதில்லை. அதனால்தான் உளுத்த சுவரின் மேல் பளபளப்பாக ஒரு பூச்சு பூசி விற்பவர்கள் பிழைக்கிறார்கள். கசிவை அடைக்கச் சிலிக்கோனை மட்டும் தொடாதீர்கள். அதன் மேல் எந்த பெயின்டும் ஒட்டாது, பிறகு சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு. கேரவனுக்கென்றே விற்கும், இறுகிப்போகாத சீலன்ட் என்ற அடைப்புப் பசையை வாங்குங்கள்.

அந்த வெள்ளைப் பொடி, வெயிலில் செத்துப்போன பழைய பெயின்ட். சோப்புத் தண்ணீரால் கழுவி, கிரீஸ் நீக்கியால் துடைத்து, 320 எண் உப்புத்தாளால் மேலாகத் தேய்த்தால் போதும். தகடு வெளியே தெரிந்த இடத்தில் மட்டும் அன்றைக்கே, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசிவிடுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு மூலையில் அடித்து, ஒரு வாரம் காயவிட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டம் கட்டமாகக் கையோடு வந்தால் பரப்பை இன்னும் தேய்க்க வேண்டும்.

முன்பக்கமும் பின்பக்கமும் வேறு விஷயம். வளைவாக இருக்கும் அந்தப் பகுதிகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் கிளாஸ். தட்டிப் பாருங்கள், பக்கவாட்டுத் தகட்டின் உலோக ஒலி அங்கே இருக்காது. எட்ச் பிரைமர் அங்கே உதவாது, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் தனியாக வாங்க வேண்டும். கடுமையான தின்னர் ஏ.பி.எஸ்ஸை இளக்கிவிடும். மயிரிழை விரிசல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கோடையில் புது பெயின்டையும் பிளந்துகொண்டு வரும். கடைக்காரர் 'எல்லாவற்றுக்கும் ஒரே பிரைமர்' என்று சொன்னால் டின்னின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பெயின்ட், வாகனங்களுக்கான, எதையும் கலக்கத் தேவையில்லாத ஒற்றைப் பாக எனாமல். வெள்ளையோ கிரீமோ போதும்; அடர் நிறம் வெயிலை உறிஞ்சித் தகட்டைக் கொதிக்கவைக்கும். நேர் வெயில் படாத, மழையில்லாத நாளில் காலைப் பனி உலர்ந்தபின் தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள். நான்கு அங்குல ஃபோம் ரோலரால் மேலிருந்து கீழாக இரண்டடி அகலம் உருட்டி, அந்த ஈரம் காய்வதற்குள் மென்மையான பிரஷ்ஷின் நுனியால் ஒரே திசையில் லேசாக நீவிவிடுங்கள். ரோலர் தடம் மறைந்துவிடும். மெல்லிய பூச்சாக மூன்று முறை அடிப்பது நல்லது, இடையில் ஒருநாள் காயட்டும்.

ஜன்னல்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக், தின்னர் பட்டால் வெடிப்புவிடும், பாலித்தீனால் முழுவதும் மூடுங்கள். ஜன்னலில் பொறித்திருக்கும் கேரவனின் அடையாள எண்ணைச் சுரண்டிவிடாதீர்கள், விற்கும்போது அதைத்தான் கேட்பார்கள். தரையிலும் கேஸ் பெட்டியின் அடியிலும் உள்ள துளைகளை பெயின்டாலோ சீலன்ட்டாலோ அடைக்காதீர்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியேற அந்தத் துளைகள்தான் வழி.